ரம்பம் ஓடும்போது கூப்பிடாதே

கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலையே கூப்பிடுவதுதான். கூடம் நிறைய நாற்காலி, நாற்காலி நிறைய ஆள். கையில் சீட்டுக் கட்டோடு நடுவில் நின்று, "எழுபத்தி நாலு, மூணாம் நம்பர் ரூம்" என்று அவள் ஒரு தடவை சொன்னால் கடைசி வரிசையில் தூங்குகிறவரும் எழுந்துகொள்வார். சுவரில் ஒலிபெருக்கி ஒன்று உண்டு. வாங்கிய வருஷமே அது வாயை மூடிக்கொண்டது. இவள் இருக்கும்போது அதைப் பழுது பார்ப்பானேன் என்று யாரும் மெனக்கெடவில்லை. அப்படித்தான் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர் வந்தது. பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கிறவள் வரை எல்லோருக்கும் அவள் மைக்கம்மாதான். கண்ணில் கட்டுப் போட்டவர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே சரியான கதவுக்குப் போய்விடுவார்கள்.

அந்த மைக்கம்மா தன் வீட்டில் பதினோரு வருஷமாகப் புருஷனைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டதில்லை. சண்டையா என்று கேட்காதீர்கள். சண்டை என்றால் தேவலையே, நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு அஞ்சாம் நாள் பேசிவிடலாம். இது விதி. எழுதி, ஆணி அடித்து மாட்டிய விதி.

புருஷனுக்கு உறவுக்காரர்கள் வைத்த பெயர் அளவுகோல். வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறிக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். சுவரில் ஒரு படம் மாட்டுவதற்கு மூன்று தடவை அளப்பார். மாட்டின பிறகு கோணலாகத் தெரிந்தால், சுவர் கோணல் என்பார். தன் அளவு தப்பியது என்று அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. கார் நிறுத்துவதற்கென்று வீட்டுக்குப் பின்னால் ஷெட் கட்டினார். கார் வரவில்லை, ஒரு மேசை ரம்பம் வந்தது. இரும்பு மேசை, அதன் நடுவில் ஒரு கீறல், கீறலுக்குள்ளிருந்து தலை நீட்டும் வட்டப் பிளேடு. பிளேடுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு சட்டம். பலகையை அந்தச் சட்டத்தில் ஒட்டி வைத்துத் தள்ளினால் நேர்கோட்டில் அறுபட்டுப் போகும். வேறு யாரோ வைத்திருந்து விற்ற பழைய மெஷின் அது.

பாதுகாப்பு விஷயத்தில் மனுஷனைக் குறை சொல்ல வழியில்லை. மெஷினோடு வந்த கையேட்டைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தார். கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொட மாட்டார். காதுக்கு மஞ்சள் நிறத்தில் பெரிய காதுமூடி ஒன்று, அது முதல் நாளே வந்துவிட்டது. மோதிரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுத்தான் உள்ளே போவார். மரம் எகிறினால் வயிற்றில் அடிக்குமென்று பிளேடுக்கு நேராக நிற்காமல் ஓரமாக நிற்பார். கை பிளேடை நெருங்கும்போது தள்ளுகட்டையால் தள்ளுவார். அந்த வீட்டில் பெண்டாட்டிக்குக் கிடைத்ததைவிட அந்த மெஷினுக்கு மரியாதை அதிகம் கிடைத்தது.

அப்படியிருந்தும் விரல் போயிற்று.

அன்றைக்கு விடுமுறை. முந்தின நாள் சாயங்காலம் அவருடைய தம்பி வந்து தன் வீட்டு அலமாரிக்குப் பலகை அறுத்துக்கொண்டு போயிருந்தான். இவர் காலையிலேயே ஷெட்டுக்குள் போனார். மத்தியானம் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறதே என்று மைக்கம்மா ஷெட்டின் பின்கதவில் போய் நின்றாள். அவர் முதுகு தெரிந்தது. "ஏங்க, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். கூப்பிட்ட அந்த நொடியில், அல்லது அதற்கு ஒரு கண்ணிமை முன்னால், அல்லது பின்னால், பலகை எகிறி அவள் தலைக்குப் பக்கத்தில் பறந்துபோய்த் தகரக் கதவில் மோதியது. பலகை பறந்த வேகத்தில் அவருடைய இடது கை பிளேடின் பக்கம் இழுபட்டிருந்தது. ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. சுவிட்சை அணைத்தது அவள்தான். துண்டைச் சுற்றிக் கட்டி, ரத்தம் தெறித்த கண்ணாடியையும் காதுமூடியையும் தன் கையாலேயே கழற்றி வைத்துவிட்டு அவரை வெளியே நடத்திக்கொண்டு வந்தாள். அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்த கொழுந்தன், "நீங்க போங்க அண்ணி, நான் ஷெட்டைப் பூட்டிட்டு வர்றேன்" என்றான்.

"சாப்பிடக் கூப்பிட்டேனே, கூப்பிட்ட நேரத்துலயா" என்று வழியெல்லாம் அவள் புலம்பிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். அளவுகோல் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"இவ கூப்பிட்டா. திரும்பிட்டேன்."

நாலாம் நாள் வீட்டுக்கு வந்ததும் மனுஷன் செய்த முதல் வேலை, கட்டுப் போட்ட கையோடு ஷெட்டுக்குப் போய்ச் சட்டத்தை அளந்ததுதான். முன்பக்கம் பிளேடுக்கும் சட்டத்துக்கும் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று அளந்தார். இரண்டும் ஒன்றாக இருந்தது. "ஒரு நூல் பிசகல. மெஷின்ல தப்பில்ல" என்றார். மெஷினில் தப்பில்லை, அவரிடத்தில் தப்பு எந்த நாளும் இருந்ததில்லை. மிச்சம் யார்?

ஒரு ஒட்டுப் பலகையை வெட்டி அதில் ஒன்பது விதி எழுதினார். எட்டு விதி கையேட்டிலிருந்து எடுத்தது, கறுப்பு மையில். ஒன்பதாவது அவருடையது, சிவப்பு மையில். "ரம்பம் ஓடும்போது கூப்பிடாதே." எட்டும் அவருக்கு, ஒன்பதாவது மட்டும் அவளுக்கு. எதுவானாலும் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு போய் முன்ஜன்னலில் அவர் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். பிளேடு ஓய்ந்த பிறகு வாயைத் திறக்கலாம்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பலகையைக் காட்டுவார். பிறகு குட்டை விரலைத் தூக்கி, "ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நான் குடுத்த விலை" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். கையில் தட்டோடு நிற்கிற மைக்கம்மாவும் சிரிப்பாள், வேறென்ன செய்ய? யாரும் இல்லாத நேரத்தில் சிரிப்பு கிடையாது. "உன் தொண்டை இருக்கே, அதுதான் என் விரலைத் தின்னுச்சு" என்பார். அவள் நம்பினாள். அதுதான் வயிற்றெரிச்சல். எழுபத்தி நாலுக்கும் எழுபத்தி அஞ்சுக்கும் நடுவில், கையில் சீட்டோடு நின்றபடி, முதலில் வந்தது என் குரலா அந்தச் சத்தமா என்று யோசிப்பாள். பதினோரு வருஷம் யோசித்தும் பிடிபடவில்லை. மெல்ல மெல்ல ஷெட் பூட்டிக் கிடக்கும்போதுகூட அவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். அவர் மொட்டை மாடியில் இருந்தால் இவள் படியேறிப் போய்த்தான் சொல்வாள். முட்டி வலித்தாலும் ஏறுவாள்.

கொழுந்தனுக்கு நெஞ்சில் அடைப்பு என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். சின்ன ஆபரேஷன்தான், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், சாயங்காலம் வந்து பார்த்தால் போதும் என்று அவனே சொல்லியிருந்தான். அன்று மைக்கம்மா லீவு போட்டிருந்தாள். காலை பத்து மணி சுமாருக்கு வீட்டுக்குள் ஃபோன் அடித்தது. அளவுகோல் ஷெட்டுக்குள் ஃபோனைக் கொண்டுபோக மாட்டார், அது ஐந்தாம் விதி.

"அண்ணி, அண்ணன் இருக்காரா?" கொழுந்தன்தான்.

"மெஷின்ல இருக்கார்ப்பா. என்ன, இன்னும் உள்ள கூட்டிட்டுப் போகலையா?"

"போகப் போறாங்க. அதுக்குள்ள அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உங்ககிட்டயும்தான்." "அண்ணன் விரல் போனது உங்களால இல்ல அண்ணி. என்னால."

மைக்கம்மா சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"முந்தின நாள் நான் அறுக்கும்போது அந்தச் சட்டத்தைக் கழட்டினேன். திரும்ப மாட்டுறப்ப சரியா பாக்கல. பின்பக்கம் ரெண்டு நூல், கால் இன்ச், பிளேடு பக்கமா சாஞ்சிருந்திருக்கு. உள்ள போகப் போக மரம் இறுகித்தான் எகிறியிருக்கு. அந்தப் பலகையைப் பாத்தேன் அண்ணி, விளிம்பு பூரா கருகிக் கிடந்துச்சு. நீங்க கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும் அது எகிறியிருக்கும். நீங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனதும் நான்தான் சட்டத்தை நேராக்கி வச்சேன். பலகையை எடுத்துட்டுப் போய் எரிச்சிட்டேன்."

"பதினோரு வருஷமாவா?" என்றாள்.

"பயம் அண்ணி. அண்ணனைத் தெரியாதா? இன்னிக்குக் கையெழுத்து வாங்கறப்ப என்னென்னமோ படிச்சுக் காட்டினாங்க, மனசு கேக்கல. ஃபோனை அவர்கிட்ட குடுங்க, என் வாயாலயே சொல்லிடறேன். நீங்க சொன்னா அவர் நம்ப மாட்டார்."

அது உண்மை. அவள் சொன்னால் நம்ப மாட்டார். தம்பி வாயிலிருந்து வந்தால்தான் அது நிற்கும். பதினோரு வருஷத்துச் சுமை ஒரு நிமிஷப் பேச்சில் இறங்கிவிடும், ஃபோனை அவர் காதில் வைத்தால் போதும். ஓடினாள். பின்கதவைத் தாண்டி, ஷெட்டைச் சுற்றிக்கொண்டு, முன்ஜன்னலுக்கு. பாருங்கள், அப்போதும் சுற்றிக்கொண்டுதான் ஓடினாள். தன் மேல் தப்பில்லை என்று தலைக்குத் தெரிந்துவிட்டது, தொண்டைக்கு இன்னும் தெரியவில்லை.

அளவுகோல் அவளைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். அவள் ஃபோனைத் தூக்கிக் காட்டினாள். அவர் உள்ளங்கையை விரித்து, பொறு என்றார். பக்கத்தில் அடுக்கியிருந்த பலகைப் பட்டைகளில் அடுத்ததை எடுத்தார். எண்ணிப் பார்த்தாள், ஒன்பது இருந்தது. கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி கேட்டுப் பார்த்தாள். அவர் கண் பிளேடுக்குப் போய்விட்டது. விதிப்படி அது சரிதான். மெயின் சுவிட்சைத் தட்டியிருக்கலாமே என்பீர்கள். அதற்குப் பிறகு அவளே தன்னை ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டாள்.

ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "லைன்லயே இருப்பா, இன்னும் ஆறு பட்டைதான்" என்றாள்.

"ஆறா?" கொழுந்தன் சிரித்தான். "அண்ணன் மாறவே மாட்டார். நீங்க ஒரு குரல் குடுங்களேன் அண்ணி."

"எப்படிப்பா" என்றாள். "இன்னொரு விரல் போயிடுச்சுன்னா?"

அந்த ஆறில் மூன்றாவது பட்டை போய்க்கொண்டிருந்தபோது, "வந்துட்டாங்க அண்ணி, ஃபோனை வைக்கச் சொல்றாங்க. சாயங்காலம் வாங்க, அண்ணன்கிட்ட நேர்ல சொல்லிடறேன்" என்றான். ஃபோன் அடங்கியது. மிச்சப் பட்டைகளையும் அறுத்து முடித்து, சுவிட்சை அணைத்து, பிளேடு முழுக்க ஓயும்வரை நின்று, தூளையும் தட்டிவிட்டுத்தான் அவர் காதுமூடியை எடுத்தார்.

"என்ன?"

"உங்க தம்பி."

"சாயங்காலம்தான் போறமே, அதுக்குள்ள என்ன?"

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வேண்டாம், அவனே சொல்லட்டும், பதினோரு வருஷம் பொறுத்தவளுக்கு அஞ்சு மணி நேரம் பெரிசா என்று விட்டுவிட்டாள். கொழுந்தன் மத்தியானம் இரண்டு மணிக்கு ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டான்.

சாவு வீட்டில் வந்தவர் போனவரிடமெல்லாம் அளவுகோல் சொல்லிச் சொல்லி அழுதார். "கடைசியா என்கிட்ட பேசணும்னு கூப்பிட்டிருக்கான். இவ கையில ஃபோனை வச்சுக்கிட்டு மரம் மாதிரி நின்னா. ஒரு குரல் குடுத்திருந்தா அப்படியே போட்டுட்டு ஓடி வந்திருக்க மாட்டேனா? ஊருக்கெல்லாம் கத்துற தொண்டை, அன்னிக்குப் பாத்து அடைச்சுக்கிச்சு." எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். கூப்பிட்டதற்கு ஒரு பழி, கூப்பிடாததற்கு ஒரு பழி. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அழுதாள், சாவு வீட்டில் அதற்குத் தடையில்லையே.

எல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில் அவரிடம் சொன்னாள். சட்டம், இரண்டு நூல், கருகிய பலகை, ஒன்று விடாமல் சொன்னாள். அவர் முகம் கல்லாகிவிட்டது.

"செத்தவன் வாயில வார்த்தையைப் போடுறியா? நான் அப்படிச் சொல்லலைன்னு அவன் வந்து சொல்ல முடியாதுன்னுதானே?"

"அவன் ஃபோன் பேசறப்ப பக்கத்துலதானே அவன் பெண்டாட்டி இருந்தா. கேட்டுப் பாருங்க."

கேட்டார். அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்க் கேட்டார். ஓரகத்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"ஊசி போட்டிருந்தாங்க மாமா. பாதி மயக்கத்துல என்னென்னமோ பேசினார். எனக்கு எதுவும் நினைவில்ல."

அளவுகோல் திரும்பி நடந்துவிட்டார். மைக்கம்மா செருப்பை மாட்டும்போது ஓரகத்தி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோச்சுக்காதீங்கக்கா. போனவர் பேரு கெட வேணாம்க்கா. எம்பொண்ணுக்கு அவர் பேராவது மிஞ்சட்டும். உங்களுக்கு இது பழகிடுச்சில்ல?"

அவள் கையை விடுவித்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையை மென்றுகொண்டே வந்தாள். பழகிவிட்டதாம்.

வீட்டில் அளவுகோல் சிவப்பு மையைத் தேடி எடுத்து, ஒன்பதாம் விதிக்குக் கீழே இன்னொரு வரி எழுதிக்கொண்டிருந்தார். "அவசரம் என்றால் கூப்பிடலாம்." எழுதிவிட்டு, காற்றைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார். "சில பேருக்கு எல்லாத்தையும் எழுதித்தான் காட்டணும்."

அதற்குப் பிறகு ஒரு விடுமுறை நாள். அவர் உள்ளே பலகை அறுத்துக்கொண்டிருந்தார். பின்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மைக்கம்மாவுக்கு மூக்கில் ஏதோ ஏறியது. மரம் கருகுகிற வாசனை. பிளேடு மழுங்கினாலும் அந்த வாசனை வரும், இப்போது வந்ததும் மழுங்கிய பிளேடால்தான். ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்? விளிம்பு பூரா கருகிக் கிடந்துச்சு என்று கொழுந்தன் சொன்னதுதான் காதில் கேட்டது. ஈரத் துணியைப் போட்டுவிட்டுப் பின்கதவுக்கு ஓடினாள். தகரத்தில் அந்தப் பழைய நசுங்கல், அங்கே அவள், உள்ளே ஆறு அடி தூரத்தில் அவர் முதுகு. பலகையிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. இது அவசரம்தானே, எழுதியே வைத்திருக்கிறாரே.

"ஏங்க" என்றாள்.

அவர் திரும்பவில்லை. குரல் வரவில்லையோ என்று நினைத்தாள். பதினோரு வருஷம் அந்த இடத்தில் நின்று அவள் வாயைத் திறந்ததில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். இந்தத் தடவை கூடத்தில் இருநூறு பேரை எழுப்புகிற குரல். அவர் தோள்கூட அசையவில்லை. மூன்றாவது தடவை அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். ரெண்டு வீடு தள்ளி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்து, "என்னக்கா, யாரைக் கூப்பிடறீங்க?" என்று கேட்டாள். உள்ளே அளவுகோல் தள்ளுகட்டையை எடுத்து நிதானமாகப் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

மைக்கம்மா ஷெட்டைச் சுற்றிக்கொண்டு முன்ஜன்னலுக்குப் போனாள். அவர் பார்த்தார், உள்ளங்கையை விரித்தார். பலகை ஒரு ஆபத்தும் இல்லாமல் அறுபட்டு விழுந்தது. சுவிட்சை அணைத்தார், பிளேடு ஓய்ந்தது, காதுமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன?"

"கருகுற வாசனை வந்துச்சு. அவசரம்னு கூப்பிட்டேன்."

"எப்போ? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

அவள் அவர் கையிலிருந்த காதுமூடியைப் பார்த்தாள். அதே மஞ்சள் காதுமூடி. தலைப்பட்டையின் ஓரத்தில் தேய்த்தும் போகாத பழுப்புக் கறை இருந்தது. ரத்தத்தோடு அதை அவர் காதிலிருந்து கழற்றியவள் அவள்தான்.

"பின்கதவுல நின்னுதான் கூப்பிட்டேன்" என்றாள். "இன்னிக்கு மூணு தடவை. அன்னிக்கு ஒரு தடவை."

அவர் காதுமூடியைப் பார்த்தார். பின்கதவைப் பார்த்தார், அது எத்தனை அடி என்று கண்ணாலேயே அளக்கிற மாதிரி பார்த்தார். விதிப் பலகையை மட்டும் பார்க்கவில்லை. அந்தக் குட்டை விரல் பட்டையின் கறையைத் தடவியது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும், அது மன்னிப்பாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

அளவுகோல் காதுமூடியை எடுத்து மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். பிளேடு சுற்றத் தொடங்கியது. மேசையின் மேல் மரம் எதுவும் இல்லை.